அடைப்பெலிக்குத் திறந்த வாசல் ஆகாது

அடைப்பெலி உலகத்தில் வேறெங்கும் கிடையாது. குடிநீர்த் தொட்டிக்குப் பின்னாலுள்ள மணல்சரிவில் மட்டும்தான். ஒரு சிகரெட் தீர்வதற்குள் நடந்து முடித்துவிடலாம், அதன் மொத்த சாம்ராஜ்யத்தையும். அதன் குறுக்கேதான் இன்ஜினியர் சாலை போட வேண்டும். எலி இல்லையென்றால் சாலை நேராகப் போகும். இருந்தால் பாறையை உடைத்துக்கொண்டு சுற்றிப் போகும். அவருடைய பதவி உயர்வு போன இடம் தெரியாது. எலிக்காக மல்லுக்கு நின்ற ஆய்வாளர் அவருடைய கூடப்பிறந்த தங்கை.

சோதனை எளிது. வாசல் திறந்திருந்தால் அடைப்பெலிக்குப் பொறுக்காது. மாலையில் வளையின் மண்ணடைப்பை எடுத்துவிட்டால், உள்ளே ஆள் இருந்தால் காலைக்குள் மூடிவிடும்.

காலையில் எல்லா வளையும் மூடியிருந்தது. தங்கை துள்ளினாள். இன்ஜினியர் சாலை வரைபடத்தைச் சுருட்டினார். முடிவு சொல்ல வந்திருந்த வனத்துறை அதிகாரியம்மா தலையாட்டிக்கொண்டிருந்தபோது தொட்டிக் காவலாளி பல்லெல்லாம் தெரிய வந்தார்.

"நான்தாங்க மூடி வெச்சேன். மேடம் கால விட்டு விழுந்து தொலச்சா?"

"அய்யோ பெரியவரே!" தங்கை தலையில் கைவைத்தாள்.

இன்ஜினியருக்குப் போன உயிர் திரும்பியது. "பாத்தீங்களா மேடம்? உள்ள காத்துதான் குடியிருக்கு."

"மறுபடி தெறக்கறேன். கொஞ்சம் பொறுங்க மேடம்," என்றாள் தங்கை.

திறந்துவிட்டு ஆளுக்கொரு பக்கம் காவல் நின்றார்கள். வெயில் ஏறியது. அதிகாரியம்மா கொட்டாவி விட்ட நேரத்தில் இன்ஜினியரின் காலடியில் ஈரமண் பொலபொலவென்று எழும்பியது. வேறு யாரும் பார்க்கவில்லை. சோம்பல் முறிப்பவர் போல அவர் நைசாகப் பூட்ஸ் காலை வளைமேல் வைத்தார்.

எலிக்குப் பதவி உயர்வைப் பற்றி என்ன தெரியும்? முட்டிப் பார்த்தது. மசியவில்லை. பூட்ஸின் ஓரமாக மண்ணை உதைத்துத் தள்ளியது. பாதி மண் பேன்ட்டுக்குள் ஏறியது.

"சார், உங்க பக்கம்?"

"சுத்தமா ஒண்ணுமில்ல மேடம்." குரல் ஒரு கட்டை ஏறியிருந்தது.

"ஏன்ணா நெளியிற?" என்றாள் தங்கை.

"மூத்திரம் வருது."

"அப்ப போயேன். யாரு புடிச்சு வெச்சா?"

அதற்குள் கணுக்காலில் சுருக்கென்றது. "அம்மாடியோவ்!" என்று அவர் எகிறிக் குதித்தார். அடைப்பெலி சபைக்குத் தன் உருண்டைப் பின்புறத்தைக் காட்டி, நாலு உதை உதைத்து, வாசலை அடைத்துக்கொண்டது. அதிகாரியம்மா படம் எடுத்தேவிட்டார்.

"மூஞ்சி விழலையே மேடம், செல்லுமா?"

"இருக்குன்னு காட்ட எந்தப் பக்கமா இருந்தா என்னம்மா?"

இன்ஜினியர் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். தங்கை பக்கத்தில் குந்தினாள். "பாறை உடைக்கறப்ப தூசி பறக்கும்ணா, மூக்கக் கட்டிக்கோ."

"நீ மொதல்ல வாய மூடு. கடிச்சதுக்கு ஊசி போடணுமா வேணாமா, அதச் சொல்லு."