எட்டுச் செலவுக்கு ஒரு பானம்

குருபரன் செத்து ஏழாம் நாள் காலையில் அவருடைய தமக்கை நாகபூஷணி வந்து, குசினி வாசலில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மறுநாள் எட்டுச் செலவு. செத்தவர் ஆசைப்பட்டுத் தின்றது, குடித்தது எல்லாவற்றையும் வாழையிலையில் படைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவர் வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று வீட்டார் விலகி நிற்கும் நாள் அது. ஆசைப்பட்டதில் ஒன்று குறைந்தாலும் ஆவி வளவை விட்டுப் போகாது என்று வேலணையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பாரைமீன் குழம்பு, இறால் பொரியல், கத்தரிக்காய்ப் பால்கறி, பயற்றம் பணியாரம் என்று மனோகரி மளமளவென்று சொல்லிக்கொண்டு வந்தாள். புருஷனுடைய வயிறு அவளுக்கு மனப்பாடம். நாகபூஷணியும் தலையாட்டிக்கொண்டே வந்து, கடைசியில் குடிக்க என்ன வைப்பது என்று கேட்டாள். மனோகரிக்கு அது தெரியவில்லை.

கேட்டால் சிரிப்பார்கள். இருபது வருஷத்துக்கு மேல் கப்பல்களில் மதுச்சாலைப் பணியாளாக நின்று, உலகத்துக் குடிவகை எல்லாவற்றையும் ஊற்றிக் கொடுத்த மனிதர் அவர். எந்தப் பானம் எந்த மண்ணில் பிறந்தது என்று கேட்டால் போதும், வந்த வேலையை மறந்து இருக்கவேண்டியதுதான். எத்தியோப்பியாவில் ஆடு மேய்த்தவன், ஏதோ சிவப்புப் பழத்தைத் தின்ற ஆடுகள் துள்ளுவதைக் கண்டுதான் கோப்பி உலகத்துக்கு வந்ததாம். சீனத்து ராசாவின் சுடுதண்ணீரில் இலை விழுந்து தேயிலை ஆனதாம். வெள்ளைக்காரன் காய்ச்சலுக்குக் குடித்த கசப்பு மருந்துத் தண்ணீருக்குள் சாராயத்தைக் கலந்து, பிறகு காய்ச்சல் இல்லாமலே குடிக்கப் பழகினானாம். கோலா என்பது அமெரிக்காவில் ஒரு மருந்துக்கடைக்காரன் தலையிடிக்குக் காய்ச்சிய பாணியாம். கலியாண வீடென்றாலும் செத்த வீடென்றாலும் நாலு பேர் அவரைச் சுற்றி இருப்பார்கள்.

ஆனால் அவர் என்ன குடித்தார்? ஊரில் அவர் கள்ளைத் தொட்டதில்லை, சாராயத்தைத் தொட்டதில்லை. காலையில் மனோகரி பிளேன்டீ கொடுத்தால் பிளேன்டீ குடிப்பார். பால் மிச்சமிருந்து பால்தேத்தண்ணி கொடுத்தால் அதையும் குடிப்பார். வெறும் தண்ணீரைக் கொடுத்தாலும் முகம் சுளிக்கமாட்டார். இருபத்தேழு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறாள், இது வேண்டும் என்று அவர் வாயால் கேட்டு ஒரு தம்ளரும் அவள் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"என்ரை தம்பிக்கு என்ன விருப்பம் எண்டு உமக்குத் தெரியாதோ?" என்றாள் நாகபூஷணி.

மனோகரி நாளைக்குச் சொல்கிறேன் என்று எழும்பிப் போய்விட்டாள். நோர்வேயில் இருக்கும் மகள் துஷாந்திக்கு போன் எடுத்துக் கேட்டாள். அப்பா பிளேன்டீதானே குடிக்கிறவர் என்று பிள்ளை சொன்னது. அது நான் கொடுத்ததடி, அவர் கேட்டதில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. சரி என்று வைத்துவிட்டாள்.

அன்று பின்நேரம் தியாகலிங்கம் வந்தார். குருபரனோடு ஒரே கப்பலில் பதினொரு வருஷம் சமையலுக்கு நின்றவர். கண்ணில் சத்திரசிகிச்சை செய்து கொழும்பில் கிடந்ததால் செத்த வீட்டுக்கு வரக் கிடைக்கவில்லை. காரைநகரிலிருந்து பாதை என்கிற மிதவைப் படகில் ஊர்காவற்றுறைக்கு வந்து, பஸ் பிடித்து, கறுப்புக் கண்ணாடியோடு படலையைத் தடவித் திறந்துகொண்டு வந்து, படத்துக்கு முன்னால் நின்று கொஞ்ச நேரம் அழுதார். மனோகரி அழுகை ஓயும்வரை பொறுத்திருந்தாள். அவர் தேத்தண்ணியைக் குடித்து முடித்த பிறகுதான் கேட்டாள்.

"அண்ணை, அவர் கப்பலிலை என்ன குடிக்கிறவர்?"

தியாகலிங்கம் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார். "மாத்தே. அதை விட்டால் வேறை ஒண்டுமில்லை. ஏன் தங்கச்சி, உங்களுக்குத் தெரியாதோ?"

ஒரே நாளில் இரண்டு பேர் இதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். முதல் தரம் கோபம் வந்தது. இந்தத் தரம் அவளுக்குப் பயம் வந்தது.

அவர் ஆற அமரச் சொன்னார். தென்னமெரிக்காவில் பராகுவே, உருகுவே, ஆர்ஜென்டினாப் பக்கத்துச் சனங்களின் பானம் அது. ஒரு செடியின் இலையைக் காயவைத்துத் தூளாக்கி, சின்னச் சுரைக்குடுவையில் போட்டு, சுடுதண்ணீர் விட்டு, அடியில் சல்லடை வைத்த உலோகக் குழலால் உறிஞ்சுவார்கள். வெள்ளைக்காரன் அந்த மண்ணை மிதிக்க முதலே அங்கே இருந்த சனம் குடித்தது. சந்திரன் ஒரு பெட்டையாகப் பூமிக்கு இறங்கி வந்தபோது புலி பாய வந்ததாம். ஒரு கிழவன் காப்பாற்றினானாம். இனி ஒருத்தரும் தனிய இருக்கக் கூடாது என்று அவள் அந்தச் செடியைக் கொடுத்துவிட்டுப் போனாளாம்.

"அதாலை தங்கச்சி, அதை ஒருத்தர் தனிய வைச்சுக் குடிக்கிறது குறைவு. ஒரு குடுவை, ஒரு குழல். ஊத்துற ஆள் முதல் குடிக்கும். முதல் தண்ணி சரியான கசப்பு, அதை மற்ற ஆளுக்குக் குடுக்கக் கூடாது. பிறகு மற்ற ஆள் குடிச்சுப்போட்டு வெறுங்குடுவையைத் திருப்பிக் குடுக்கும். அப்பிடி மாறி மாறிப் போகும். அவன் தனிய குடிக்கவே மாட்டான். என்னைத் தேடிக்கொண்டு குசினிக்கு வருவான். ஊருக்குப் போனால் மனோவோடை இருந்து குடிப்பன் எண்டு சொல்லிச் சொல்லித்தான் லீவிலை வந்தவன்."

மனோகரி அலுமாரியைப் பார்த்தாள். கண்ணாடிக்குப் பின்னால், துஷாந்தியின் பழைய பொம்மைக்குப் பக்கத்தில், அந்தக் குடுவை இருந்தது. குழலும் இருந்தது.

கலியாணம் முடித்த மறுவருஷம் அது. முதல் லீவில் வந்தவர், ஒரு பின்நேரம் முற்றத்து வேம்புக்குக் கீழே இருந்து அந்தக் குடுவையில் தண்ணீர் ஊற்றித் தான் உறிஞ்சினார். பிறகு திரும்ப ஊற்றி அவளிடம் நீட்டி, "இந்தா மனோ, குடியும்" என்றார். புருஷன் சாப்பிட்ட இலையில் சாப்பிடுகிறவளுக்கு அதில் என்ன வந்தது, குடித்தாள். வேப்பங்கொழுந்துக் கசப்பு. ஆனாலும் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள். அவர் குடுவையை வாங்கி, இன்னும் ஒருதரம் ஊற்றி, அவள் வாய் வைத்த குழலிலேயே வாயை வைத்தார்.

அந்த நேரம் பார்த்துச் சிவபூசையில் கரடி போல நாகபூஷணி கிணற்றடியிலிருந்து வந்தாள். "பெண்டிலின்ரை எச்சிலைக் குடிக்கவோடா உலகம் சுத்தினனீ?" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

மனோகரிக்குத் தோலை உரித்தது போல இருந்தது. அவர் கையிலிருந்து குடுவையைப் பறித்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடி, குழலைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். திரும்பி வந்து, என்னுடைய எச்சிலைக் குடித்து என்னைப் பாவத்தில் தள்ளாதேங்கோ என்று கும்பிடாத குறையாகக் கேட்டாள். அவர் "சரி மனோ" என்றார். அவ்வளவுதான். ஊரிலுள்ள பானங்களுக்கெல்லாம் கதை வைத்திருந்த மனிதர், அதன்பிறகு அந்த ஒரு பானத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

தியாகலிங்கத்தைப் பஸ்ஸுக்கு அனுப்பிவிட்டு, மனோகரி புருஷனுடைய இரும்புப் பெட்டியைத் திறந்தாள். கப்பல் உடுப்புகள்தான் அதில் கிடக்கின்றன என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாள். உடுப்புகளுக்குக் கீழே மாத்தே பக்கற்றுகள் அடுக்கியிருந்தன. எண்ணிப் பார்த்தாள், பதினான்கு. ஒன்றும் உடைக்கப்படவில்லை. ஒவ்வொன்றிலும் வேறு வேறு வருஷம். ஒவ்வொரு லீவுக்கும் ஒன்று வாங்கி வந்திருக்கிறார். இந்தத் தரமாவது கேட்பாளோ என்று பார்த்திருப்பார். கப்பலை விட்டு வந்து பத்து வருஷம் அவளோடு இதே வீட்டில் இருந்தவர், ஒரு நாளும் குடிக்கவில்லை. மனோகரி பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்து, வாயில் சேலைத் தலைப்பை அடைத்துக்கொண்டு அழுதாள். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று தன்னையே ஏசிக்கொண்டாள்.

மறுநாள் பொழுதுபடும் நேரம் படத்துக்கு முன்னால் இலை விரித்தார்கள். கறிகள் வந்தன, பலகாரம் வந்தது, எதற்கும் இருக்கட்டும் என்று நாகபூஷணி ஒரு போத்தல் சாராயமும் வைத்தாள். மனோகரி கேத்திலோடும் குடுவையோடும் வந்து இருந்தாள். கடைசி வருஷத்துப் பக்கற்றைத்தான் உடைத்திருந்தாள். அதிலும் மணம் இல்லை, பழைய வைக்கோல் போல இருந்தது. தியாகலிங்கம் சொன்னபடி தூளைப் போட்டு, தண்ணீரை ஊற்றி, எல்லோரும் பார்த்திருக்கக் குழலில் வாயை வைத்து உறிஞ்சினாள்.

"என்ன வேலை செய்யிறீர்? படையலை எச்சில் படுத்தக் கூடாது" என்றாள் நாகபூஷணி.

"இதை ஊத்துற ஆள்தான் முதல் குடிக்கவேணும், மச்சாள். அப்பதான் அவர் வாங்குவார்."

இருபத்தாறு வருஷத்துக்கு முந்திய பின்நேரம் நாகபூஷணிக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ, தலையைக் குனிந்துகொண்டாள். மனோகரி கசப்பை அடிவரை குடித்து முடித்தாள். திரும்பத் தண்ணீர் ஊற்றினாள். குழலைக் கழுவவில்லை, துடைக்கவும் இல்லை. குழல் வாய் படத்தைப் பார்க்கும்படி குடுவையை இலையில் வைத்துவிட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினாள்.

விறாந்தையில் நாகபூஷணியின் மகன் றஜீபன் கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் மணியைப் பார்த்தான். அரை மணித்தியாலம் ஆனதும் கதவைத் தட்டிவிட்டுத் திறந்தார்கள்.

விளக்கு எரிந்துகொண்டிருந்தது. குழம்பில் ஆடை படிந்திருந்தது. ஆவி அப்படியே போகட்டும் என்று தெருச் சந்தியில் கொண்டுபோய் வைப்பதற்காக றஜீபன் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தான். குடுவைக்கு வந்ததும், இதையும் ஊற்றட்டோ மாமி என்று கேட்டான். மனோகரி வேண்டாம் என்று அதைக் கையில் எடுத்தாள். சூடு ஆறிப்போயிருந்தது. வைத்தபடியே, விளிம்புவரை நிறைந்திருந்தது.

ஆறினால் ஆறட்டும், நீர் குடியும், உமக்கு ஆறுதலாக இருக்கும் என்றாள் நாகபூஷணி. மனோகரி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள்.

"அவர் குடிச்சுப்போட்டுத் தந்தால்தான் மச்சாள், நான் குடிக்கலாம்."

எல்லோரும் போன பிறகும் அவள் குடுவையைக் கீழே வைக்கவில்லை.