இம்கே வைத்திருந்த பெயர்

டெரெக் ஹால்வர்சன் பின்வாசல் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தோட்டத்தைப் பார்த்து முழுத் தொண்டையில் கத்தினான்.

"யூர்கன்! சாப்பாடு ஆறுது, உள்ள வா!"

வேலிக்கு அந்தப் பக்கம் அடுப்பில் ப்ராட்வர்ஸ்ட் சாசேஜ்களைப் புரட்டிக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வெர்ன் தலையைத் தூக்கினார்.

"யாருக்குடா தொண்டையில முள்ளு மாட்டிக்கிச்சு?"

"பையனுக்குப் பேர் பாக்குறோம், வெர்ன்."

"இந்தப் பேரை வச்சா பையன் வரமாட்டான். ஆம்புலன்ஸ்தான் வரும்."

சமையலறையில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த அவன் மனைவி நேலே சிரித்துவிட்டாள். வயிறு குலுங்கியது. உள்ளே இருந்தவன் ஒரு உதை கொடுத்தான்.

இருவருக்கும் இடையில் ஒரு ஒப்பந்தம் இருந்தது. குடும்பப் பெயர் டெரெக்குடையது. ஆகவே முதல் பெயர் நேலேயின் பக்கத்துப் பெயராக, ஜெர்மன் பெயராக இருக்க வேண்டும். ஆனால் அது இங்கே அமெரிக்காவில், ஷெபோய்கனிலும் செல்ல வேண்டும். ஜெர்மனியில் ஓல்டன்பர்க்கில் இருக்கும் நேலேயின் அப்பா முகம் சுளிக்காமல் சொல்ல வேண்டும். பேஸ்பால் கோச் மைதானத்தின் மறுகோடியிலிருந்து கூப்பிட்டாலும் அதே பெயராகக் காதில் விழ வேண்டும். அதனால் ஒவ்வொரு பெயருக்கும் இரண்டு பரீட்சை. முதலில் நேலே அப்பாவின் குரலில் சொல்லிப் பார்ப்பாள். அதில் தேறினால் டெரெக் பின்வாசலில் நின்று கத்துவான். வெர்ன் கேட்காமலேயே நடுவர் ஆகிவிட்டார்.

டீட்டர் போய்விட்டது. எழுத்தில் பார்த்தால் இங்குள்ளவர்கள் அதை 'டயட்டர்' என்று படிப்பார்கள், பத்தியச் சாப்பாட்டுக்காரன். ஃப்ரிட்ஸ் என்று டெரெக் கத்தியதும் வெர்ன், "எங்க வீட்டு வாஷிங் மெஷினும் அப்படித்தான் ஆயிடுச்சு" என்றார். கெட்டுப்போன யந்திரத்துக்கு இங்கே அந்தப் பெயர்தான். யோஹென் என்ற பெயரைச் சொல்லும்போதெல்லாம் டெரெக்குக்கு இருமல் வந்தது.

"பேசாம கெவின்னு வச்சிடலாம்" என்றான் டெரெக், உள்ளே வந்து நாற்காலியில் சரிந்தபடி.

"எங்க ஊர்ல கெவின்னா மக்குப் பையன்னு அர்த்தம். வாத்தியார் மூஞ்சியைக்கூடப் பாக்கமாட்டார், நேரா கடைசி பெஞ்சைக் காட்டுவார். எங்கப்பா அழுவார்."

"அப்ப நீயே சொல்லு. நான் கத்திக் கத்தி ஓஞ்சிட்டேன்."

நேலே கத்தியைக் கீழே வைத்தாள். அந்தப் பெயர் பல நாட்களாக அவள் வாயில் கற்கண்டு மாதிரி கிடந்தது. சொல்லக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். சொன்னாள்.

"ஹென்ரிக்."

டெரெக் எழுந்து வாசலுக்குப் போனான். "ஹென்ரிக்! சாப்பிட வா!"

வெர்ன் வேலிக்கு மேலே தலையை நீட்டிச் சொன்னார். "இவன் வருவான். கைகூடக் கழுவிட்டு வருவான்."

டெரெக் திரும்பி நேலேயைப் பார்த்தான். அவன் முகம் முழுக்கச் சிரிப்பு. "இதை ஏன் இவ்வளவு நாளா சொல்லல?"

ஏன் சொல்லவில்லை என்பதற்குக் காரணம் இருந்தது. அந்தப் பெயர் நேலேயின் அக்கா இம்கே தன் பிள்ளைக்கென்று வைத்திருந்தது.

ஜெர்மனியில் பிள்ளை பிறக்கும் வரை அதன் பெயரை வெளியே சொல்லமாட்டார்கள். பெற்ற தாய் கேட்டாலும் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றுவார்கள். ஆனால் இம்கே சொன்னாள், கணவன் மால்டேயைத் தவிர தங்கையிடம் மட்டும். நேலே ஊருக்குப் போயிருந்த ஒரு மே மாதம்; அப்போது இம்கே கர்ப்பமாக இருந்தாள். இருவரும் வெள்ளை அஸ்பாரகஸ் தண்டுகளைத் தோல் சீவிக்கொண்டிருந்தார்கள். இம்கே கதவைச் சாத்திவிட்டு வந்து காதோடு சொன்னாள். "ஹென்ரிக். மால்டேக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ மூணாவது."

ஜூனில் அந்தக் குழந்தை தங்கவில்லை. அதன் பிறகு ஊசிகள், மாத்திரைகள், ஹாம்பர்க்கில் ஒரு மருத்துவர், பிரேமனில் இன்னொருவர். போன வருடம் இம்கேயும் மால்டேயும் போதும் என்று நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெயரை யாரும் திரும்ப எடுத்ததே இல்லை.

இப்போது நேலே எடுத்துவிட்டாள்.

அவள் டெரெக்கிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். "பிறக்குற வரைக்கும் யார்கிட்டயும் சொல்லக்கூடாது. எங்க வழக்கம் அது." வழக்கத்துக்காக மட்டும் அவள் அதைச் சொல்லவில்லை. இம்கேயிடம் கேட்க அவளுக்கு நாள் வேண்டியிருந்தது. கேட்டுவிட வேண்டும், இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பாள். ஞாயிறு தோறும் இம்கே திரையில் வந்து, வயிற்றைக் காட்டச் சொல்லி, கால் வீக்கத்தை விசாரித்து, கடைசியில் தானே சொல்லிவிடுவாள்: "பேர் முடிவாயிடுச்சுன்னு மூஞ்சியில தெரியுது குட்டி. சொல்லாதே. நான் கேக்கமாட்டேன்."

நேலே சரி என்பாள். திரை அணைந்ததும் முதலில் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதி வந்ததற்காகவே பிறகு சோறு இறங்காது.

செப்டம்பரில் டெரெக்கின் அம்மா லோரீன், தன் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பேபி ஷவர் விருந்துக்கு ஏற்பாடு செய்தாள். நேலேயின் பக்கத்தில் யாருமே இல்லாமல் எப்படி என்று இம்கேக்கு எழுதியதும் அவள்தான். இம்கே விடுப்புப் போட்டு வந்துவிட்டாள்.

சிகாகோ விமான நிலையத்திலிருந்து வரும்போது நேலே காரை ஓட்டினாள். மில்வாக்கி தாண்டியதும் ஏரி வலது பக்கம் வந்தது. சாலையில் நெரிசல் இல்லை. சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"இம்கே, பேரைப் பத்தி உன்கிட்ட ஒண்ணு..."

இம்கே சட்டென்று கையை நீட்டித் தங்கையின் வாயைப் பொத்தினாள்.

"சொல்லாதேடி. பொறக்குறதுக்கு முன்னாடி விழா எடுக்குறதே எனக்குப் பயமா இருக்கு. நான் ஒருத்திகிட்டச் சொன்னேன். அடுத்த மாசமே போயிடுச்சு. டாக்டர் அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னார். இருக்காதுதான். ஆனா நீ சொல்லாதே."

ஒருத்தி என்று அவள் சொன்னது நேலேயைத்தான். நேலே சாலையைப் பார்த்துக்கொண்டு ஓட்டினாள். மறுநாள் காலை உணவின்போதும், இருவரும் சேர்ந்து தொட்டிலைப் பூட்டும்போதும் அவள் வாயைத் திறக்கவில்லை. அக்காவே வேண்டாம் என்றுவிட்டாளே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அது சாக்கு என்று தெரிந்தேதான் சொல்லிக்கொண்டாள்.

சனிக்கிழமை சர்ச்சின் கீழ்த்தளத்தில் ஹாம் வைத்த சின்ன பன்களும், மார்ஷ்மெல்லோ போட்ட பச்சை ஜெல்லியும், பெரிய பாத்திரத்தில் காப்பியும் தயாராக இருந்தன. படியிறங்கும்போது இம்கேதான் முன்னால் போனாள். பாதிப் படியில் நின்றுவிட்டாள்.

எதிர்ச் சுவரில், கேக் மேசைக்கு மேலே, நீலச் சாயம் பூசிய மர எழுத்துகள் கயிற்றில் தொங்கின. ஹென்ரிக்.

"எப்படி இருக்கு!" என்று லோரீன் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "நேலே, கோபப்படாதே. டெரெக் என்கிட்ட மட்டும்தான் சொன்னான். சத்தியமா நான் ஒரு ஆள்கிட்டயும் வாயைத் திறக்கல. எழுதித் தொங்கவிட்டேன், அவ்வளவுதான்."

பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். "பெயர் எழுதாத ஷவர் எங்கேயாவது உண்டா?" என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி, "ஹென்ரிக் நார்வேப் பேரு, எங்க ஆளுங்க பேரு" என்றாள். "எது நல்லா இருந்தாலும் உங்க ஆளுங்களுது" என்று மூன்றாமவள் மடக்கினாள்.

இம்கே மீதிப் படிகளை இறங்கினாள். எல்லோருக்கும் கை கொடுத்தாள். தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் பயணம் நன்றாக இருந்தது என்றாள். நேலேயின் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. வயிற்றின் சுற்றளவை ஊகித்து நூல் வெட்டும் விளையாட்டு நடந்தது. கத்தரிக்கோல் அவளிடம் வந்ததும் வாங்கி வெட்டினாள். நூல் நேலேயின் வயிற்றில் பாதிக்குக்கூட எட்டவில்லை. பெண்கள் கைதட்டிச் சிரித்தார்கள். இம்கேயும் சிரித்தாள். நேலேக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியவில்லை. மடியில் இருந்த பரிசுப் பொட்டலத்தின் நாடாவை அவிழ்ப்பதுபோலக் குனிந்துகொண்டாள்.

எல்லாம் முடிந்து பெண்கள் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தபோது, இம்கே சமையலறைத் தொட்டியில் காப்பிக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நேலே துண்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றாள். இருவரும் தங்கள் மொழியில் பேசினார்கள்.

"எப்பலேர்ந்து?" என்றாள் இம்கே.

"ஜூலையிலேர்ந்து."

"யார் முதல்ல சொன்னது? அவனா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். டெரெக்குக்கு ஜெர்மன் தெரியாது. இந்த ஒரு சொல்லில் பாதிச் சுமை அவன் தோளுக்குப் போய்விடும்.

"நான்தான்" என்றாள் நேலே.

இம்கே ஒரு கோப்பையை அலசி நீட்டினாள். "நீ கேட்டிருந்தா நான் குடுத்திருக்கமாட்டேன்."

"தெரியும்."

"அது தெரிஞ்சுதான் கேக்கல."

"ஆமா."

"நான் சொல்லாதே சொல்லாதேன்னப்பல்லாம் உனக்கு நிம்மதியா இருந்திருக்கும்."

நேலே துடைத்த கோப்பையையே திரும்பத் துடைத்தாள். "இருந்துச்சு."

"மொத்த உலகத்துல ஆம்பளப் பசங்களுக்குப் பேரா இல்ல?"

"ரெண்டு ஊர்லயும் ஒரே மாதிரி சொல்ற பேர் வேற எதுவும் அமையல. அதைவிட... எனக்கு அந்தப் பேரைப் பிடிச்சிருந்தது. நீ சொன்ன அன்னிக்கே பிடிச்சிடுச்சு. உன்மேல பொறாமையாகூட இருந்துச்சு." சொன்ன பிறகுதான் இதை இதற்கு முன் தனக்குள்ளேகூடச் சொன்னதில்லை என்று அவளுக்கு உறைத்தது. "மாத்திடறேன், இம்கே."

"மாத்து, இல்ல வச்சுக்கோ. என்கிட்டக் கேக்காதே. மாத்தினா உன் மாமியார் எழுதித் தொங்கவிட்டதை நான் பிடுங்கிட்டேன்னு ஆகும். வச்சுக்கிட்டா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நான் சிரிச்சுக்கிட்டே அவனைக் கூப்பிடணும். ரெண்டு பாவத்துக்கும் என்னைக் கூட்டுச் சேக்காதே."

அந்த நேரத்தில் லோரீன் தட்டோடு வந்தாள். "பொண்ணுங்களா, என்ன ரகசியம்? இந்தா இம்கே, கேக்குல முதல் எழுத்து இருக்குற துண்டு. பெரியம்மாவுக்குன்னு தனியா எடுத்து வச்சேன்."

இம்கே கையைத் துடைத்துக்கொண்டு தட்டை வாங்கினாள். நன்றி சொன்னாள். தொட்டியருகே நின்றபடியே, நீலக் கிரீமில் எழுதியிருந்த எழுத்தோடு, ஒரு துணுக்கு மீதியில்லாமல் தின்றாள். லோரீன் திருப்தியோடு தலையாட்டினாள். நேலே கையில் துண்டை முறுக்கிக்கொண்டு நின்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது.

இம்கேயை விமானம் ஏற்றிவிட்டு வந்த அன்றே நேலே டெரெக்கிடம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்; அந்தப் பெயரை வைக்க வேண்டாம் என்று முடித்தாள். அவன் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு எழுந்தான்.

"பொறக்காத பிள்ளைக்கு எதுக்கு..." என்று ஆரம்பித்தவன், அவள் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினான். "சரி, அதை விடு. ஆனா என்னை வாசல்ல நின்னு கத்தவிட்டியே நேலே. நான் அவனை அந்தப் பேர்லதான் நெனச்சிட்டிருக்கேன். தினமும் உன் வயித்துகிட்ட அந்தப் பேரைச் சொல்லித்தானே பேசுறேன்? நீ கேட்டுட்டுச் சும்மாதானே இருந்தே?"

அக்காவிடமிருந்து எடுத்தது ஒன்று; இப்போது இவனிடமிருந்தும் ஒன்றை எடுக்கிறாள்.

லோரீனிடம் அவளே போய்ச் சொன்னாள். லோரீன் கேசரோல் பாத்திரத்துக்கு மூடி போட்டுக்கொண்டே கேட்டாள். "அப்படியா. எனக்கு முன்னமே தெரிஞ்சிருந்தா நல்லா இருந்திருக்கும். போர்வையில பேர் தெச்சாச்சு. பரவாயில்ல. உங்க இஷ்டம்." பிறகு பிள்ளை பிறக்கும் வரை அவள் வாரம் தவறாமல் சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தாள்; ஆனால் உள்ளே வந்து உட்காரவில்லை.

புதுப் பெயர் எதையும் நேலே சொல்லவில்லை. "நீயே வை. ஜெர்மன் பேரா இருக்கணும்னுகூட நான் சொல்லமாட்டேன்" என்றாள் டெரெக்கிடம். நவம்பரில், பனி விழுந்த ஒரு காலையில், பையன் பிறந்தான். மருத்துவமனைத் தாதி பெயர் கேட்டபோது டெரெக் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, "பீட்டர்" என்றான். எந்த ஊரிலும் எந்தத் தொண்டையிலும் மாட்டாத பெயர்.

நேலே இம்கேயைக் கூப்பிட்டாள். திரையில் பையனைக் காட்டினாள். இம்கே வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "இப்பக் கேக்கலாம்" என்றாள். "பேரென்ன?"

"பீட்டர்."

இம்கே உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள். திரும்பி வந்தபோது குரல் சாதாரணமாக இருந்தது.

"அப்பா சந்தோஷப்படுவார். சுளிக்காம சொல்லிடுவார்."

"கிறிஸ்மஸுக்கு வர்றியா?"

"இல்ல குட்டி. இந்தத் தடவை வேண்டாம். அவனைப் பாத்தா இன்னும் கொஞ்ச நாளைக்கு எனக்கு வேற பேர்தான் வாயில வரும். அது அவன் தப்பில்ல. கொஞ்சம் வளரட்டும்."

"சரி" என்றாள் நேலே. மார்பில் கிடந்தவன் சிணுங்கினான். அவனைச் சமாதானப்படுத்த அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், அக்கா கேட்டுக்கொண்டிருக்கும்போதே: "பீட்டர். பீட்டர்." அந்தப் பெயர் இன்னும் அவளுக்கே பழகியிருக்கவில்லை.