தற்காலிகத் தாய்ச்சொல்

திரையில் சிவப்புக் கட்டம் மறுபடியும் வந்து நின்றது. 'தாய்ச்சொல் இல்லை. பதிவு ஏற்கப்படாது.' அவள் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி, "போடா" என்றாள். கணினியோடு பேசுவது அவள் வழக்கம். மனிதர்களோடு பேசினால் சண்டையில் போய் முடிந்துவிடுகிறது. அலுவலகத்தில் எல்லோரும் அவளை அகராதி என்றுதான் சொல்வார்கள். பார்க்கிற வேலையும் அதுதான், பிடித்த பிடியை விடாத குணமும் அதுதான் என்று விளக்கம் வேறு.

வேலை இதுதான். சுற்றுச்சூழல் ஆராய்ச்சி செய்கிற பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு பொதுச் சொல்தொகுதி வைத்திருக்கிறார்கள். ஒருத்தர் சதுப்பு என்று எழுதினால் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவரும் அதையே சதுப்பு என்று புரிந்துகொள்ள வேண்டும். மனிதர்கள் மட்டுமல்ல, வரைபடம் போடுகிற இயந்திரங்களும் அதைத்தான் படிக்கின்றன. இவ்வளவு பெரிய தொகுதியில் இவர்கள் வட்டாரத்து நிலங்களுக்கு ஒரு சொல்கூட இல்லை. அதைச் சேர்க்கத்தான் இந்த அறையில் இத்தனை மேசைகளும் ஓடாத ஒரு மின்விசிறியும். தொகுதியின் சட்டம் எளிமையானது: ஒவ்வொரு சொல்லும் ஒரு தாய்ச்சொல்லுக்குக் கீழே உட்கார வேண்டும். அலையாத்திக்குத் தாய் காடு. ஓடைக்குத் தாய் நீர்நிலை. தாய்க்குச் சொன்னதெல்லாம் பிள்ளைக்கும் பொருந்தும் என்று இயந்திரம் தானாகவே எடுத்துக்கொள்ளும். தாயைப் போல பிள்ளை என்பதை அது நம்மைவிடத் தீவிரமாக நம்புகிறது.

மற்ற நிலங்களுக்கெல்லாம் தாய் கிடைத்துவிட்டது. மிச்சம் நின்றது முட்புல் நிலம் ஒன்றுதான். மழைக்குப் பின் இடுப்புயரம் புல், நடுநடுவே தனித்தனியாக முள்மரங்கள். தொகுதியில் இருந்த புல்வெளிக்கு 'மரமற்ற' என்று இலக்கணம் எழுதி வைத்திருந்தார்கள். குளிர்தேசத்துப் புல்லைப் பார்த்து யாரோ எழுதியது. மரம் இருப்பதால் இது புல்வெளியில் சேராது. மரம் போதாததால் காட்டிலும் சேராது. புதிதாகத் தாய்ச்சொல் வேண்டுமென்றால் பெரிய குழு கூட வேண்டும். இந்தப் பதிப்புக்கு அது கூடிக் கலைந்துவிட்டது.

வேறு நிலமாக இருந்தால் அவள் இவ்வளவு மல்லுக்கட்டியிருக்க மாட்டாள். முட்புல் நிலத்தின் ஓரத்தில்தான் அவள் தம்பி குடும்பம் இருந்தது. அவனுக்குத் தெரிந்த தொழில் ஆடு மேய்ப்பது ஒன்றுதான். அவள் படித்த படிப்பு முழுக்க அந்தப் புல்தான். ஆடு தின்று, ஆட்டை விற்று, கல்லூரிக்குக் கட்டியது.

அலுவலகத் தலைவர் வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நல்ல மனிதர். கெட்டவராக இருந்திருந்தால் அவர் பேச்சை அவள் கேட்டிருக்கவே மாட்டாள்.

"இன்னிக்குள்ள அனுப்பணும்மா. சிதைந்த காடுன்னு ஒன்னு இருக்குல்ல, அதுக்குக் கீழ வச்சுடு."

"அது எந்தக் காலத்துலயும் காடா இருந்ததில்ல சார். சிதையறதுக்கு மொதல்ல ஏதாவது இருந்திருக்கணுமே."

"எனக்குத் தெரியாதா? தற்காலிகமா வை. அடுத்த பதிப்புல மாத்திக்கலாம். இல்லேன்னா அந்த நெலமே உள்ள வராது. பேரில்லாத நெலத்துக்கு என்ன ஆகும்னு நீயே பாத்தவதானே?"

பார்த்தவள்தான். பெயரில்லாத நிலத்தை வரைபடம் சாம்பல் நிறத்தில் 'தரிசு' என்று காட்டும். தரிசு என்று போட்டிருந்த ஒரே காரணத்துக்காக முட்புல் நிலத்தின் வடக்கு மூலையில் நகரத்துக் குப்பையைக் கொண்டுவந்து கொட்டினார்கள். தம்பியின் ஆடுகள் பிளாஸ்டிக்கைத் தின்று வயிறு ஊதிச் செத்தன. ஒன்றுமில்லாததற்கு இது தேவலாம் என்று அவளுக்கும் பட்டது. சிதைந்த காட்டின் கீழே முட்புல் நிலத்தை வைத்தாள். குறிப்பு எழுதுகிற இடத்தில் 'இந்தத் தாய்ச்சொல் தற்காலிகமானது' என்று தெளிவாக எழுதினாள். சிவப்புக் கட்டம் பச்சையானது. அன்று சாயங்காலம் எல்லோருக்கும் அவள் செலவில் டீ.

மழை முடிந்து வெயில் ஏறத் தொடங்கியபோது தம்பி போனில் கூப்பிட்டான்.

"அக்கா, கம்பி வேலி போடுறாங்க. கேட்டா இது காடுங்கறாங்க. நீ காடு பாத்திருக்கியா இங்க?"

அவள் வரைபடக்காரரிடம் ஓடினாள். அவர் அடுத்த அறையில்தான் இருந்தார், மதியச் சாப்பாட்டைத் திறந்து வைத்தபடி.

"நான் ஒன்னும் பண்ணலீங்க. உங்க சொல்ல மெஷின் எடுத்துக்கிச்சு. சிதைந்த காடுன்னா மரம் நட்டு மீட்கணும், மேய்ச்சல் கூடாது. அது தாய்க்குச் சொன்னது. பிள்ளைக்கும் தானா வந்துடும்."

"தற்காலிகம்னு குறிப்புல எழுதியிருந்தேனே."

"மெஷின் குறிப்பப் படிக்காதுங்க. மனுசனே படிக்கிறதில்ல." சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாக இருந்திருக்க வேண்டும். சாப்பாட்டை மூடி வைத்தார்.

அதன்பிறகு அவள் ஏறி இறங்காத படியில்லை. தலைவர் திருத்தத்துக்குப் பரிந்துரை எழுதினார். பொதுத் தொகுதியிலிருந்து மரியாதையான பதில் வந்தது: திருத்தம் பரிசீலனையில் உள்ளது. வேலி போடுகிற துறையின் அதிகாரி உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு தன் திரையை அவள் பக்கம் திருப்பினார். முட்புல் நிலம் என்ற சொல்லுக்கு அடியில், சேர்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.

"நீங்களே காடுன்னு எழுதிட்டு, நீங்களே இல்லைன்னா நான் எதை நம்பறது மேடம்?" அவர் கிண்டலாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

திரும்பி வரும்போது பேருந்தில் அழுதாள். பக்கத்திலிருந்த பெண் என்னவென்று கேட்காமல் ஜன்னலோர இடத்தை விட்டுக் கொடுத்தாள். தம்பிக்கு இதை எப்படிச் சொல்வது என்பது மட்டும்தான் அவள் மனதில் ஓடியது. அவன் அவளைப் பற்றி எல்லோரிடமும் பெருமை அடிப்பவன். எங்கக்கா நெலத்துக்கெல்லாம் பேரு வைக்கிறா என்பான். சொல்ல வாய் வரவில்லை. வாரங்கள் போயின. அவன் கூப்பிடுவதும் குறைந்தது.

திருத்தம் ஏற்கப்பட்டது என்று தகவல் வந்த அன்றே கிளம்பிவிட்டாள். முட்புல் நிலத்துக்குப் புதிய தாய்ச்சொல்லே கிடைத்திருந்தது, 'மரம் கலந்த புல்வெளி' என்று. அடுத்த பதிப்பில் வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால் அவன் முகத்தைப் பார்க்கலாம் என்று நினைத்தாள்.

வீட்டில் தம்பி மனைவி மட்டும் இருந்தாள். ஆட்டுப் பட்டி காலியாகக் கிடந்தது. கழுவித் துடைத்த மாதிரி ஒரு புழுக்கைகூட இல்லை.

"வாங்கண்ணி. உக்காருங்க. ஆட்டையெல்லாம் வித்தாச்சு, அந்தப் பக்கத்துக்காரங்க ஓட்டிட்டுப் போயிட்டாங்க. தீனிக்கு எங்க போறது?" தண்ணீர்ச் சொம்பை நீட்டிவிட்டு, அவளைப் பார்க்காமல் சொன்னாள். "நீங்கதான் பேரு வச்சீங்களாமே. வேலி போட்டவங்க சொன்னாங்க. அவருதான் நம்ப மாட்டேன்னுட்டாரு. சொன்ன ஆளோட சண்டைக்கே போயிட்டாரு."

அவள் தண்ணீரைக் குடிக்காமல் வைத்தாள்.

வேலிக் கதவு திறந்திருந்தது. உள்ளே புல்லை வேரோடு புரட்டிப் போட்டு வரிசை வரிசையாகக் குழி வெட்டியிருந்தார்கள். ஒவ்வொரு குழியிலும் முழங்கால் உயரத்தில் ஒரு கன்று. தம்பி துறையின் மஞ்சள் சட்டையில், குடத்தைச் சாய்த்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தான். சட்டை அவனுக்குப் பெரிது.

"மாத்தியாச்சுடா," என்றாள். மூச்சு வாங்கியது. "இது காடு இல்லேன்னு ஒத்துக்கிட்டாங்க. எழுத்துல வந்துருச்சு. அப்ப நான்தான்டா…"

"காலப் பாத்து வை அக்கா," என்றான் அவன். "கன்னு செத்துச்சுன்னா எங்கிட்டதான் கேப்பாங்க."

அவள் காலை எடுத்தாள். மிதிபட்டிருந்த கன்றை அவன் குனிந்து நிமிர்த்தி, சுற்றிலும் மண்ணை அணைத்தான். அதைச் செய்து முடிக்கும்வரை அவன் நிமிரவில்லை. அவளைக் கேட்க அவனுக்கு ஒன்றும் இல்லையோ, கேட்டுவிடுவோம் என்று பயந்தானோ.

வேலியின் கீழே மண் அரித்த இடத்தில் நுழைந்து ஒரு பெட்டையாடு உள்ளே வந்துவிட்டது. காதில் அடுத்தவர் போட்ட புது அடையாளம். வரிசைக்குள் நின்று ஒரு கன்றின் நுனியை முகர்ந்தது. தம்பி கையில் கல்லை எடுத்தான். தொண்டை கிழியக் கத்தி எறிந்தான். கல் ஆட்டுக்கு முன்னால் வெகுதூரம் தள்ளியே விழுந்தது. ஆடு தலையைத் தூக்கிக் குரல் வந்த பக்கம் பார்த்தது. பிறகு அவனை நோக்கி ஓடி வந்தது.