உரிமையாளர் இடத்தில் ஓர் எண்

மின்சாரம் போய் வந்ததும் ரத்த வங்கியின் டேட்டாபேஸ் எழுந்திருக்க மாட்டேன் என்று படுத்துவிட்டது. எத்தனை முறை தட்டியெழுப்பினாலும் 'அனுமதி இல்லை' என்ற ஒரே பல்லவி. எந்தப் பையில் என்ன ரத்தம், யாருக்கு ஒதுக்கியது என்பதெல்லாம் அதற்குள். ஜன்னலுக்கு வெளியே நர்ஸ்கள் காத்து நின்றார்கள்.

மேலாளர் பதறிப்போய் எல்லாக் கோப்புகளையும் எல்லாருக்கும் திறந்துவிட்டார். அது இன்னும் முறுக்கிக்கொண்டது. கண்டவர்களும் நுழையும் இடத்தில் வேலை செய்யாத ரகம் அது.

"நீங்க கை வைக்காம இருங்க சார்," என்றாள் தங்கை.

ஆபீஸில் எல்லாருக்கும் அவள் தங்கைதான். அவளுடைய சொந்த அண்ணன் கட்டிய டேட்டாபேஸ் இது. மகா கெட்டிக்காரன், மகா சோம்பேறி. இதற்கென்று கம்ப்யூட்டரில் தனிக் கணக்கு ஒன்று உண்டாக்கச் சோம்பல்பட்டு, தன் சொந்தக் கணக்கிலேயே இதை ஓட்டிக்கொண்டிருந்தான். போன மாதம் மாரடைப்பில் போய்விட்டான். விதிப்படி அவன் கணக்கை நீக்கியவளும் இவள்தான். டேட்டாபேஸ் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததால் இத்தனை நாள் அந்தக் கோளாறு வெளியே தெரியவில்லை.

கோப்புகளைத் திரையில் பார்த்தாள். உரிமையாளர் இடத்தில் அண்ணன் பெயர் இல்லை, வெறும் எண். கணக்கை நீக்கினால் அப்படித்தான் காட்டும், அவளுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் அந்த எண்ணையே திரும்பத் திரும்பப் படித்தாள். கூடவே, சொல்ல வெட்கம், ஒரு மூலையில் சந்தோஷம்: இதுவாவது அவன் இல்லாமல் ஓட மாட்டேன் என்கிறதே!

அவசரத்துக்கு அதே எண்ணில் அவன் கணக்கைத் திரும்ப உண்டாக்கினாள். மேலாளர் திறந்ததையெல்லாம் மூடினாள். டேட்டாபேஸ் எழுந்தது. வரிக்கு வரி அவன் பெயர். ரத்தப் பைகள் ஜன்னலைத் தாண்டிப் போயின. அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கூட்டம் குறைந்ததும் மேலாளர் பக்கத்தில் வந்து நின்றார்.

"இல்லாதவர் பேர்ல விட்டுவைக்க முடியாதும்மா. பொதுக் கணக்குக்கு மாத்தணும். நான் வேணா பண்ணட்டுமா?"

"வேண்டாம் சார். நீங்க தொட்டா அது மறுபடி படுத்துக்கும். நானே பண்றேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

டேட்டாபேஸை நிறுத்தி, ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டினாள். கண்மூடித் திறப்பதற்குள் அத்தனை பெயரும் மாறிவிட்டன. அண்ணன் கணக்கை மறுபடி நீக்கினாள். எப்படியும் ஒரு தடவையாவது மக்கர் பண்ணும் என்று எதிர்பார்த்து, மறுபடி ஓடவிட்டாள்.

முதல் தடவையிலேயே, எந்த முணுமுணுப்பும் இல்லாமல் அது எழுந்துகொண்டது.

அண்ணன் செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை.