அறுநூறு அடிக்குக் கீழே

நஞ்சன்கூடு ரோட்டில் இருக்கும் எங்கள் நாற்றுப்பண்ணையில், போர்வெல் மோட்டார் அன்றைக்கு மூன்றாவது முறையாகத் தானே நின்றது. போட்டால் பத்து நிமிடம் ஓடும். பிறகு சுவரில் மாட்டிய ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் 'டக்'கென்று ஒரு சத்தம், சிவப்பு விளக்கு. வெளியே, புதன்கிழமை குண்டலுபேட்டைக்குப் போகவேண்டிய தக்காளி நாற்றெல்லாம் தட்டுகளில் தலை தொங்கிக் கிடந்தது. ஏப்ரல் வெயில். சாயங்காலத்துக்குள் நனைக்காவிட்டால் ஒன்றும் தேறாது.

என் வீட்டுக்காரர் சிவகுமாருக்குப் பொறுமை என்பது கடையில் வாங்கினால்தான் உண்டு. பெட்டிதான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, துண்டு ஒயரோடு வந்து நின்றார். பெட்டியை விட்டுவிட்டு மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுக்கப் போகிறாராம். நான் பிறந்த ஹனூர்ப் பக்கம் பாதிப்பேர் செய்கிற வேலைதான். என் அப்பா அப்படித்தான் ஒரு மோட்டாரைக் கருக்கினார்.

நான் மெக்கானிக் கரியப்பனுக்குப் போன் போட்டேன். மோட்டார் தண்ணீருக்குள்ளேயே முங்கிக் கிடக்கிறது, தன்னை உரசிப்போகும் தண்ணீரால்தான் சூடு தணிகிறது என்றார். தண்ணீர் வற்றினால் இழுக்கச் சுமையில்லாமல் வெறுமனே சுற்றும், கரண்ட் குறையும், அதைப் பார்த்துத்தான் பெட்டி நிறுத்துகிறதாம்.

"பொட்டி கெடலீங்கக்கா. அடியில தண்ணி இல்லீங்கறத அது சொல்லுது. அரை மணி நேரம் உடுங்க, ஊறி வரும்."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் போர்வெல் அறுநூறு அடி; சாமுண்டி மலையைத் தலைகீழாக இறக்கினால் பாதிமலை முங்கும் ஆழம் அது. மனிதர் யாரும் பார்த்திராத அந்த இருட்டில் தண்ணீர் இறங்குவதை, சுவரில் தொங்கும் பெட்டியில் கரண்ட் காட்டும் ஒரு முள் அறிந்து வைத்திருக்கிறது.

"அரை மணி நேரம் பொறுங்க. அப்பவும் வரலீன்னா, அந்த ஒயர நானே புடிச்சுக் குடுக்கறனுங்க" என்றேன் சிவகுமாரிடம்.

அவர் ஒயரைக் கையில் சுருட்டிக்கொண்டார். நாற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் பயம்தான். நாற்று போனால் பழி என் தலையில்.

அரை மணி கழித்துப் பச்சைப் பொத்தானை அழுத்தினேன். முள் எட்டு ஆம்ப்சுக்கு ஏறி நின்றது. குழாய் இருமியது, முதலில் காற்று, பிறகு செம்மண் கலங்கல், பிறகு சில்லென்று தெளிந்த தண்ணீர். வரிசை வரிசையாக ஓடி ஓடி நனைத்தேன்.

பத்தாவது நிமிடம் முள் நடுங்கி இறங்கத் தொடங்கியது. பெட்டி நிறுத்தும் முன்பே சிவகுமார் சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டார். பாதி நாற்று நனைந்திருந்தது, பாதி காத்திருந்தது. அவர் போர்வெல் குழாயருகே குந்தி, அதன் வாயில் காதை வைத்தார். வா என்று எனக்குக் கை காட்டினார். நானும் காதை வைத்தேன். வெகு கீழே, பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.