வெளிச்சம் கேட்காத செடி

...ஐம்பது வாட், ஐம்பதேதான், பெட்டியின்மேல் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது, அதை இந்தப் பெண்ணிடம் எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று யோசித்தபடியே அவர் வளர்ப்பு மீன் கடைக்குள் நின்றுகொண்டிருந்தார், தரையெல்லாம் ஈரம், செருப்பைக் கழற்ற வேண்டுமா என்று வேறு ஒரு குழப்பம், மூன்று பக்கச் சுவரிலும் கூரைவரை தொட்டிகள், எல்லாவற்றிலும் குமிழி விடுகிற சத்தம், கடைக்காரப் பெண் முழங்கைவரை தண்ணீரில் விட்டு யாருக்கோ மீன் பிடித்துக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வருடமாக ஊருக்கெல்லாம் வயர் இழுத்து லைட் போட்ட எலக்ட்ரீஷியன், ஒன்றரை அடித் தொட்டிக்கு எந்த லைட் போடுவது என்று கேட்க வந்து நிற்கிறார், தொழில் தெரிந்தவன் எவனாவது பார்த்தால் சிரிப்பான்... சிரிக்கட்டும். சட்டைப் பையில் டெஸ்டரோடு உரசிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது, அதற்குள் தொட்டியிலிருந்து கிள்ளிய ஓர் இலை, இலை என்று சொன்னால்தான் தெரியும், கறுப்பும் பச்சையுமாக முடி முளைத்தது போலப் பாசி, தொட்டால் வழுக்குகிறது. மனைவி இருந்தபோது இதே இலை துடைத்து வைத்ததுபோல இருக்கும். அவள் போய் ஏழு வாரம்தான் ஆகிறது, ஏழே வாரத்தில் ஒரு தொட்டியை இந்தக் கதிக்குக் கொண்டுவர முடியுமா ஒரு மனிதரால்?

காலையில் மகள்கூடப் போனில் சொன்னாள், "முடியலைன்னா யாருக்காவது குடுத்துடுங்கப்பா, அதையும் இழுத்துப் போட்டுக்கிட்டு ஏன் கஷ்டப்படுறீங்க?" அவள் சொன்னதில் தப்பில்லை, தூரத்தில் இருக்கிற பிள்ளை, அப்பா சாப்பிட்டாரா தூங்கினாரா என்பதே அவளுக்குக் கவலை. ஆனால் அந்த வீட்டில் மனைவி தனக்கென்று ஆசைப்பட்டு வாங்கியது அந்தத் தொட்டி ஒன்றுதான், மிக்சி சமையலுக்கு, மேஜை மகள் படிப்பதற்கு, சாய்வு நாற்காலி இவருடைய முதுகுவலிக்கு... நெஞ்சைத் தொட்டு யோசித்துப் பார்த்தாலும் வேறு எதுவும் அகப்படவில்லை. அதுவும் போய்விட்டால் அவள் அங்கே இருந்தாள் என்பதற்கு எதைக் காட்டுவது? புடவைகளைத்தான் மகள் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாளே. மீன் மொத்தம் ஆறு, நீலக் கோடு போட்ட பொடி மீன்கள், இரண்டு நாளாகக் குனிந்து தேடி எண்ணினால் ஐந்துதான் வருகிறது.

மூன்று தடவை கேட்டாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது, மறந்துபோயிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். முதல் தடவை தொட்டி வந்த மாதமே, சாப்பாடு போட்டுக்கொண்டே, "என்னங்க, இதுக்கு மேல ஒரு சின்ன லைட் போட்டுக் குடுங்களேன், செடி வெச்சா அழகா இருக்கும்," இவர் "பார்க்கலாம்" என்றார். அப்புறம் அந்தப் பெரிய அரங்க வேலை நடந்துகொண்டிருந்த சமயம், மேடைக்கு மட்டும் நானூறு விளக்கு, வீட்டுக்கு வந்து அந்த நானூறையும் ஒன்றுவிடாமல் பெருமை பேசி முடித்ததும் அவள் கேட்டாள், "அதுல ஒண்ணு மீந்தா கொண்டாங்களேன்," அப்போதும் பார்க்கலாம்தான். என்ன பார்த்தார்? ஒன்றும் பார்க்கவில்லை. மூன்றாவது தடவை அவள் சிரித்தாள், "ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில விழுமாம் துள்ளி," என்று சொல்லிவிட்டு அவர் முதுகில் தைலம் தேய்த்தாள், இவரும் சிரித்தார், அரை மணி நேர வேலை, ஒரு ஹோல்டர், நாலடி வயர், ஒரு சுவிட்ச், அவ்வளவுதான், கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் செய்துவிடுவார்... அதற்கப்புறம் நாலு வருடம் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. தொட்டியைச் சமையலறை ஜன்னலோரமாக நகர்த்தி வைத்தாள், செடியும் வளர்ந்தது, சரி, அவளே மறந்துவிட்டாள், விட்டது தொல்லை என்று இருந்துவிட்டார்.

காரியத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் புறப்பட்டுப் போன அடுத்த நாள்தான் லைட் போட்டார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம், அவருக்கே தெரியும், யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கட்டடத்தின் முகப்புக்கு மாட்டுகிற ஃபோகஸ் லைட், இருப்பதிலேயே நல்லது, வெள்ளை வெளிச்சம், சுவரில் துளை போட்டு இரும்புத் தாங்கி அடித்து, ஒரு வயர்கூட வெளியே தெரியாமல் அப்படி ஒரு சுத்தமான வேலை, வாழ்நாளில் அவ்வளவு பார்த்துப் பார்த்து எதையும் மாட்டியதில்லை. காலையில் எழுந்ததும் போடுவார், படுக்கப் போகும்போதுதான் அணைப்பார், நாலு வருடத்துப் பாக்கி வெளிச்சத்தை எல்லாம் சேர்த்துக் கொட்டிவிடுகிறவர்போல. தொட்டியைச் சுத்தம் செய்கிறேன் என்று இறங்கி, உள்ளே கிடந்த மரக்கட்டைமேல் அவள் நீல நூலால் கட்டி வைத்திருந்த செடிகளைப் பார்த்து, ஐயோ பாவம், உடம்பு முடியாமல் அப்படியே சுற்றி வைத்திருக்கிறாள்போல என்று நூலை அறுத்து, வேரைக் கூழாங்கல்லுக்கு அடியில் வரிசையாகப் புதைத்தார். மூன்றாம் நாளிலிருந்து மீன்கள் வெளியே வரவில்லை. கட்டைக்கு அடியில் போய் ஒண்டிக்கொண்டன, தீனி போட்டாலும் வரவில்லை, அவளைத் தேடுகின்றன என்றுதான் நினைத்தார், வாயில்லா ஜீவனுக்கும் தெரியும் அல்லவா என்று தொட்டிக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அவரும் அழுதார்.

"சொல்லுங்க சார், என்ன வேணும்?" கடைக்காரப் பெண் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே கேட்டாள், லைட் என்றார், தொட்டிக்கு என்றார், எத்தனை அடி, என்ன செடி என்று அவள் கேட்டதில் முதல் கேள்விக்குத்தான் பதில் இருந்தது. செடிக்குப் பெயர் உண்டு என்பதே இப்போதுதான் உறைத்தது, நாலு வருடமாக அந்த ஜன்னலோரத்தில் நின்றுதான் தினமும் தண்ணீர் குடித்திருக்கிறார்... உறையை எடுத்து நீட்டினார். அவள் இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "அய்யய்யோ," என்றாள், "என்ன லைட் போட்டிருக்கீங்க, எத்தனை மணி நேரம்?" ஐம்பது வாட் என்றார், ஒரு நாளைக்குப் பதினாறு மணி நேரம் என்றார், பள்ளிக்கூடத்தில் அடி வாங்கப் போகிற பையனின் குரலாக இருந்தது அது. "சார், அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சும்பாங்க, இது நிழல்ல வளர்ற செடி சார், இவ்வளவு வெளிச்சத்தை அதால சாப்பிட முடியாது, மிச்சத்தைப் பாசி சாப்பிடுது. மீன் வெளிய வருதா?" இல்லை என்றார். "எப்படி வரும்? பொடி மீன், கண்ணு கூசும், ஒளிஞ்சுக்கும்." அப்படியானால் அது துக்கம் இல்லை. இவருக்குப் பயந்துகொண்டு, இவர் மாட்டிய லைட்டுக்குப் பயந்துகொண்டு... ஒரு மாதமாக அவருக்குத் துணையாக அழுத மீன்கள் அவரிடமிருந்துதான் ஒளிந்துகொண்டிருந்தன. முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் அடுத்த தொட்டியில் ஒரு நத்தை கண்ணாடியில் ஏறுவதைப் பார்த்தார்.

அவளோ அடுக்கடுக்காகச் சொல்லிக்கொண்டே போனாள், கெட்ட இலையை எல்லாம் வெட்டிடுங்க, வாரம் ஒரு தடவை மூணுல ஒரு பங்கு தண்ணி மாத்துங்க, மொத்தமா மாத்திடாதீங்க, தீனியைக் குறைங்க, வேரைக் கல்லுல புதைக்கவே கூடாது, அழுகிடும், கட்டைமேல நூலால கட்டணும்... நூல் என்றதும் இவர் வாயிலிருந்து, நீல நூல், என்று வந்துவிட்டது. அந்தப் பெண் நிறுத்தினாள். இலையை மறுபடி பார்த்தாள், அவரைப் பார்த்தாள், சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த டெஸ்டரைப் பார்த்தாள். "அண்ணா, நீங்க அந்த அக்கா வீட்டுக்காரரா? சட்டைப் பட்டன் தைக்கிற நீல நூல்ல கட்டியிருக்கேன், சாயம் போகுமான்னு என்கிட்டதான் வந்து கேட்டாங்க. எப்படி இருக்காங்க, ரொம்ப நாளா காணோமே?" அவர் சொன்னார். எத்தனையோ பேரிடம் சொல்லிப் பழகிய வாக்கியம்தான். அவள் கல்லாவுக்குப் பின்னால் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டாள், உட்காருங்கண்ணா என்றாள், பிறகு, நல்லதாக ஒரு வார்த்தை சொல்வோம் என்ற நினைப்பில்தான், வேறு எந்த எண்ணமும் அவளுக்கு இல்லை, "அந்தச் செடியெல்லாம் நான் எடுத்துக் குடுத்ததுதாண்ணா," என்றாள், "மொதல்ல சிவப்பு இலைச் செடிமேலதான் அவங்களுக்கு ஆசை, அதோ அது, அதுக்கு நல்ல லைட் வேணும்க்கான்னு சொன்னேன், கையில எடுத்துட்டாங்க, ரொம்ப நேரம் வெச்சுப் பார்த்துட்டு திரும்பக் குடுத்துட்டாங்க. லைட் கேட்காத செடியா பார்த்துக் குடும்மா, எங்க வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன், அதனால எங்க வீட்டுக்கு லைட் வராதுன்னாங்க. சிரிச்சுக்கிட்டேதாண்ணா சொன்னாங்க, கோவமெல்லாம் இல்ல." கோபம் இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் மறக்கவே இல்லை. இவருக்குத் தகுந்த மாதிரி செடியை மாற்றிக்கொண்டாள், அவ்வளவுதான், இவர் அந்த நாலு வருடமும் தொல்லை விட்டது என்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

எந்த லைட் தரட்டும் என்று அவள் கேட்டதற்கு, நீயே சொல்லும்மா என்றார், அவள் தயங்கினாள், "உண்மையைச் சொல்லணும்னா அந்தத் தொட்டிக்கு லைட்டே வேண்டாம்ணா, ஜன்னல் வெளிச்சமே போதும், அக்கா அப்படித்தானே பார்த்துப் பார்த்து வெச்சிருந்தாங்க." அதுகூடவா வேண்டாம்? போன பிறகாவது செய்து கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள இருந்த அந்த ஒன்றும்கூடத் தேவையில்லை என்று ஆகிவிட்டதா? இருந்தாலும் வெறுங்கையோடு போக மனம் வரவில்லை, இருப்பதிலேயே சின்னதாக ஒன்று கொடு என்று கேட்டார், விளிம்பில் கவ்வி மாட்டுகிற சிறிய லைட், பெட்டியே உள்ளங்கையில் அடங்கியது, ஆறு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். தெருவில் கடைகள் எல்லாம் திறந்திருந்தன, துணிக்கடை முகப்பில் இவர் மாட்டிய லைட்டைப் பகலிலும் எரியவிட்டிருந்தார்கள், வழக்கமாக உள்ளே போய் நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வருவார், இன்று தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக்கூட மாற்றாமல் ஃபோகஸ் லைட்டைக் கழற்றினார், தாங்கியைப் பிடுங்கிய இடத்தில் சுவரில் இரண்டு ஓட்டைகள் நின்றன. கூழாங்கல்லை விலக்கி வேர்களை எடுத்தார், பாதி அழுகியிருந்தது, மீதிப் பாதியைக் கழுவி, அவள் தையல் டப்பாவைத் தேடி, அதே நீல நூல், ஊசியில் கோத்தபடியே இருந்தது, கடைசியாக எந்தச் சட்டைக்குக் கோத்தாளோ... கட்டையோடு சேர்த்துச் சுற்றிக் கட்டினார். ஜன்னலிலிருந்து சாதாரண மதிய வெளிச்சம் தண்ணீரில் விழுந்தது. முக்காலியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து கட்டைக்கு அடியிலிருந்து ஒரு மீன் வந்தது, பின்னாலேயே இரண்டு, அப்புறம் இன்னும் இரண்டு, ஐந்து. ஆறாவது வரவில்லை. கல்யாணமான புதிதில் அவள் கடல் கடல் என்று உயிரை எடுப்பாள், ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்களேன் என்பாள், அப்புறம் எப்போதோ ஒருநாள், யாரோ கூப்பிட்டதற்கு, எனக்குக் கடல்னா அவ்வளவா பிடிக்காதுங்க என்று சொன்னது இவர் காதில் விழுந்திருக்கிறது, அன்றைக்கு அது ஒன்றுமே தோன்றவில்லை... பிடிக்காமல்தான் சொன்னாளா? சாப்பாட்டில் தனக்குக் கடைசித் துண்டுதான் பிடிக்கும் என்பாளே, பயணத்தில் ஜன்னலோரம் வேண்டாம் என்பாளே, அதெல்லாம்? இந்தச் செடிக்காவது சொல்வதற்குக் கடையில் ஒரு பெண் இருந்தாள், மற்றதையெல்லாம் எந்தக் கடையில் போய்க் கேட்பது? ஐந்து மீன்களும் செடிக்கு நடுவே மெதுவாகப் போய் வந்துகொண்டிருந்தன, லைட் பெட்டி பிரிக்காமலே அவர் மடியில் இருந்தது, மாட்டலாமா என்று தொட்டியைப் பார்த்து ஒரு தடவை கேட்டார், பார்க்கலாம் என்று அவர் வாயே பதில் சொன்னது.