திலகா வாசிக்காத சீட்டு

1

இந்தக் கதை முழுக்க என் கற்பனை என்றுதான் முதல் பிரதியைத் தொடங்கியிருந்தேன். பொய். தானா ராத்தா ஊருக்கு மேலே உள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் சமையல் கேஸ் தோம்புகள் ஒவ்வொன்றாகக் களவு போயின. குடியிருப்பாளர்களும் போலீசும் சேர்ந்து ஒரு குழு அமைத்து, கோயில் மண்டபத்தில் ஒரு பெட்டி வைத்தார்கள். தெரிந்ததை எழுதிப் போடலாம், பெயர் போட வேண்டாம். நான் இங்கே தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிராணி. பொழுது கிடைத்தால் கதை எழுதுகிறவன்.

2

தொடக்கம் ஒன்று: “மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த அந்த...” வேண்டாம். கேமரன் மலையில் பனியை விட்டுவிட்டு எவன் கதை எழுதியிருக்கிறான்?

தொடக்கம் இரண்டு: “மலாய் நன்றாக வரும் என்பதே திலகாவுக்கு வினையாகிவிட்டது.” இது இருக்கட்டும்.

திலகா கொழுந்தெடுப்பவள். அதற்கு முன் பிரிஞ்சாங் ஓட்டல் ஒன்றில் ஆறு வருஷம் அறை துடைத்தாள். பெட்டியில் விழுந்த சீட்டுகள் எல்லாம் தமிழில். குழுவில் இருந்த போலீஸ் கோப்ரல் ஃபிக்ரிக்குத் தமிழ் தெரியாது. ஆகவே ஞாயிறு சாயங்காலம் குழுவின் முன்னால் அவற்றைப் பிரித்து மலாயில் சொல்லும் வேலை அவள் தலையில் விழுந்தது.

3

முதல் நான்கும் நாய்த் தொல்லை, எரியாத விளக்கு. ஐந்தாவதைப் பிரித்தாள்.

“தோம்பு தூக்கினது அகிலன். கண்ணால பாத்தேன்.”

அகிலன் அவள் மகன், இருபத்திரண்டு வயது. புருஷன் செத்தபின் அவளுக்கென்று இருந்த ஒரே ஆள். போன வாரம் அவன் காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிவந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்கு ஏது காசு?

“என்ன எழுதியிருக்கிறது, அக்கா?” என்று கோப்ரல் மலாயில் கேட்டார்.

“தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறதாம்” என்று அவளும் மலாயில் சொன்னாள். சீட்டு மடங்கி இடுப்புக்குள் போனது.

(இந்த இடத்துக்கு வேறு முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவள் உள்ளதை உள்ளபடி வாசிக்கிறாள். இன்னொன்றில் வேறொருவன் பெயரைச் சொல்லி அவனை மாட்டிவிட... திலகா அப்படிச் செய்கிறவள் அல்ல. அடித்துவிட்டேன்.)

4

வீட்டுக்கு வந்ததும் அகிலனுடைய பையில் துணிகளைத் திணித்தாள்.

“நாளைக்கு பஸ்ஸ புடிச்சு ஜோகூர் போயிடு. மாமா வீட்டுல இரு. ஒண்ணும் கேக்காத.”

“நான் என்னம்மா செஞ்சேன்?”

“கேக்காதன்னு சொன்னேன்லா!”

கன்னத்தில் ஓர் அறை. அதுவரை அவள் அவனைக் கைநீட்டி அடித்ததே இல்லை. மறுநாள் போனவன், அவள் கூப்பிட்டால் போனை எடுப்பதில்லை.

5

(இந்தப் பகுதியை நான்கு முறை கிழித்துப் போட்டேன்.)

இரண்டு வாரம் கழித்துத் திரிங்காப் பக்கம் போலீஸ் ஒரு லோரியை மடக்கியது. உள்ளே தோம்புகள், கூடவே வெளியாட்கள் இருவர். அவர்களில் ஒருவன் போட்டிருந்தது அகிலனுடைய கால்பந்துச் சட்டை, முதுகில் ஒன்பதாம் நம்பர்.

மழைக்காலத்தில் இங்கே துணி லேசில் காயாது. தொழிற்சாலைக் கொதிகலன் அறையின் சுவர் சூடாக இருக்கும் என்று அதன் பின்னால் கொடி கட்டி, எல்லா வீட்டுத் துணியையும் அங்கேதான் போடுவோம். திருடன் அந்தக் கொடியிலிருந்து சட்டையை உருவியிருக்கிறான். யார் வேண்டுமானாலும் உருவலாம் என்பது இந்த லயத்தில் குழந்தைக்கும் தெரியும். அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பதினெட்டு வருஷமாகக் கணக்கெழுதும் எனக்குத் தெரியாதா?

தெரியும். ஆனாலும் ஒரு விடியற்காலையில் பனிக்குள்ளே ஒன்பதாம் நம்பர் முதுகையும் அதன் தோளில் ஒரு தோம்பையும் பார்த்துவிட்டு, அந்த ஐந்தாவது சீட்டை இடது கையால் கோணல்மாணலாக எழுதினேன். “கண்ணால பாத்தேன்.” முகத்தைப் பார்க்கவில்லை. திலகா குழாய் உடைந்தது என்று சொன்னபோது நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அவள் பொய் சொல்கிறாள் என்று அந்த மண்டபத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். என் சீட்டு அமுங்கிப்போனதில் நிம்மதியாக இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

6

திலகா இன்று மத்தியானம் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது.

“ஐயா, எவனோ எழுதினத நம்பி எம்புள்ளய அடிச்சுத் தொரத்திட்டேன். அந்தப் படுபாவி கை வெளங்காமப் போவட்டும். நான் கூப்ட்டா எடுக்க மாட்டேங்குறான்லா. நீங்க கூப்ட்டா எடுப்பான். வீட்டுக்கு வரச் சொல்லுங்க, ஐயா.”

“என்னன்னு சொல்லட்டும், திலகா?”

“அம்மா மேலதான் தப்புன்னு சொல்லுங்க.”

கூப்பிட்டேன். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

“ஐயா, சொல்லுங்க. அம்மாவுக்கு ஒண்ணுமில்லையே?”

இதற்கு மேல் எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. திலகா என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அகிலன் “ஐயா, ஐயா” என்கிறான். படிக்கிறவரே, போனை உங்களிடம் தருகிறேன், பேசுங்கள்.